நோவுக்கு வைத்த பெயர்

பி.ரி.எஸ்.டி. என்ற நான்கு எழுத்துகள் டண்டினொங்கில் பல தமிழ் வீடுகளின் கோப்புகளுக்குள் கிடக்கின்றன. மின்சார பில்லுக்கும் பிரிட்ஜிங் வீசாக் கடிதத்துக்கும் நடுவே மடித்து வைத்த ஒரு வைத்திய அறிக்கையில் அவை இருக்கும். குடும்ப வைத்தியர் அவற்றை எழுதுவார். சட்டத்தரணி எடுத்துக் காட்டுவார். குடிவரவுத் திணைக்களம் ஏற்கும், அல்லது ஏற்காமல் விடும். அந்தக் கோப்பின் சொந்தக்காரருக்கோ அது தன்னைப்பற்றி யாரோ இங்கிலிஷில் சொல்லிவிட்ட ஒரு முடிவு.

நான் இந்தப் பக்கத்தில் நெடுங்காலம் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவன். ஆஸ்பத்திரி, கிளினிக், சட்டத்தரணியின் அலுவலகம் என்று மாறி மாறி இருந்திருக்கிறேன். அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது தொழில் விதி. ஆகவே இந்தக் கட்டுரையில் எவருடைய சொந்தக் கதையும் வராது. நான் எழுதப்போவது அந்தப் பெயரின் கதையை: அது எங்கே பிறந்தது, யார் வைத்தார்கள், எந்த ஆதாரத்தில் வைத்தார்கள், எங்களிடம் வந்து சேர்ந்தபோது என்ன ஆனது. உளமருத்துவத்தின் நோய்ப்பெயர்கள் விஞ்ஞானம்தானா என்று உலகம் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டுவருகிறது. எங்களுக்கு அந்தக் கேள்வி இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. ஒரு பெயர் கிடைப்பதிலும் கிடைக்காமல் போவதிலும் எங்களில் சிலருடைய வாழ்க்கை தொங்குகிறது.

பட்டியல் உருவான விதம்

காய்ச்சலோடு போகிறவருக்கு மலேரியாவா டெங்குவா என்பதை இரத்தம் சொல்லும். மனம் குழம்பிப் போகிறவருக்கு அப்படி ஒரு பரிசோதனை இன்றுவரை இல்லை. இரத்தம் எடுப்பதும் மூளையைப் படம் பிடிப்பதும் வேறு நோய்களை விலக்கிப் பார்க்கத்தான். அதற்குப் பிறகு வைத்தியர் கேட்டு, கவனித்து, ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்கிறார். அந்தப் பட்டியல்களில் அதிகம் பேசப்படுவது அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். என்ற கைந்நூல். முதற் பதிப்பு 1952 இல் வந்தது. பிறகு 1968, 1980, 1994, 2013.

முதல் இரண்டு பதிப்புகளின் காலத்தில் இந்தத் துறை பெரிய சங்கடத்தில் இருந்தது. நியூ யோர்க்கையும் லண்டனையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1972 இல் நூலாக வந்தது. ஒரே மாதிரியான நோயாளரை நியூ யோர்க் வைத்தியர்கள் மனச்சிதைவு என்றார்கள். லண்டன் வைத்தியர்கள் பல வேளைகளில் மனவெழுச்சி நோய் என்றார்கள். அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தால் நோய் மாறிவிடும் என்றால், மாறுவது நோயாளரா வைத்தியரா?

அடுத்த வருடம் டேவிட் ரோசன்ஹான் என்ற உளவியலாளர் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மனநலம் உள்ள எட்டுப் பேர், காதில் குரல் கேட்கிறது என்று பொய் சொல்லி மனநல ஆஸ்பத்திரிகளில் அனுமதி பெற்றார்கள் என்றும், உள்ளே போனபின் சாதாரணமாக நடந்தும் அவர்களை எவரும் கண்டுபிடிக்கவில்லை என்றும் அதில் சொன்னார். உளமருத்துவத்தின் மானத்தை வாங்கிய கட்டுரை அது. ஆனால் 2019 இல் சூசன்னா கஹலன் என்ற பத்திரிகையாளர் பழைய ஆவணங்களைத் தோண்டியபோது, ரோசன்ஹான் எழுதியவற்றில் பல அந்த ஆவணங்களோடு பொருந்தவில்லை. விஞ்ஞானம் போதாது என்று குற்றம் சாட்டிய ஆய்வே விஞ்ஞானமாக நிற்கவில்லை. உளவியலின் பொதுவான நிலைமையும் அவ்வளவு நல்லதல்ல. 2015 இல் பெரிய ஆய்வாளர் கூட்டமொன்று பிரபல இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. முதலில் அவற்றில் 97 வீதமானவை தெளிவான முடிவு காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 வீதமே காட்டின.

எழுபதுகளில் நடந்த இன்னொரு சம்பவமும் முக்கியம். தற்பாலீர்ப்பு அதுவரை டி.எஸ்.எம்மில் ஒரு மனநோய். 1973 டிசம்பரில் சங்கத்தின் நிருவாகசபை அதைப் பட்டியலிலிருந்து எடுத்தது. எதிர்த்தவர்கள் வாக்கெடுப்புக் கேட்டார்கள். 1974 இல் உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். 58 வீதமானோர் நீக்கியது சரி என்றார்கள். முடிவு நியாயமானது. ஆனால் காசநோய் ஒரு நோயா என்று எவரும் வாக்குப் போட்டதில்லை.

1980 இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எடுத்த முயற்சி. ரொபேர்ட் ஸ்பிட்சர் தலைமையிலான குழு ஒவ்வொரு நோய்க்கும் அறிகுறிகளை இலக்கமிட்டு எழுதியது. இத்தனையில் இத்தனை இருந்தால் இந்த நோய். காரணம் என்ன என்ற கேள்வியைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்தார்கள். அந்தப் பதிப்பில்தான் பி.ரி.எஸ்.டி. பிறந்தது.

போய்த் திரும்பிவந்த நோய்

பிறந்தது என்பதைவிடத் திரும்பி வந்தது என்பது பொருத்தம். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நடுங்கிய படையினருக்கு 'ஷெல் அதிர்ச்சி' என்றார்கள். சார்ள்ஸ் மையர்ஸ் என்ற பிரித்தானிய வைத்தியர் 1915 இல் அதைப்பற்றி 'லான்செற்' இதழில் எழுதினார். 1952 டி.எஸ்.எம்மில் கடும் நெருக்கீட்டின் விளைவு என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. 1968 பதிப்பில் அது இல்லை. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த வருடம் அது. எழுபதுகளில் திரும்பிவந்த படையினரும், அவர்களோடு சேர்ந்து இயங்கிய ரொபேர்ட் லிஃப்டன், ஹைம் ஷற்றன் போன்ற உளமருத்துவர்களும் போராடித்தான் 1980 இல் அதைப் புதுப் பெயரில் உள்ளே கொண்டுவந்தார்கள். பெயர் இல்லாவிட்டால் ஓய்வூதியமும் இல்லை, சிகிச்சையும் இல்லை.

போராட்டத்தில் கிடைத்தது என்பதால் அது பொய்யாகிவிடாது. அந்த மனிதர்கள் பட்ட வேதனை உண்மை. ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு நாட்டின் அனுபவம் தைக்கப்பட்டிருந்தது. மூன்றாம் பதிப்பின்படி, நோய்க்குக் காரணமான சம்பவம் வழமையான மனித அனுபவத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்கவேண்டும். சண்டை வேறொரு நாட்டில் நடக்கிறது, படையினன் அமைதியான தன் ஊருக்குத் திரும்புகிறான் என்ற காட்சிக்கு அது சரி. எண்பதுகளின் யாழ்ப்பாணத்துக்கு அதைக் கொண்டுவந்தால்? பொம்பர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுவதுதான் அங்கே வழமையான அனுபவம். 1994 பதிப்பு அந்த நிபந்தனையைக் கைவிட்டது. ஆனால் பெயரில் உள்ள 'பிற்பட்ட' என்ற சொல் இன்னும் இருக்கிறது. எது முடிந்ததற்குப் பிற்பட்டது என்பதுதான் எங்கள் ஆட்களுடைய சிக்கல்.

சோதித்துப் பார்த்தபோது

2013 இல் ஐந்தாம் பதிப்பு வருமுன் ஒரு களச்சோதனை நடத்தினார்கள். ஒரே நோயாளரை இரண்டு வைத்தியர்கள் தனித்தனியே பார்த்தார்கள்; ஒரே பெயரைச் சொல்கிறார்களா என்று கணித்தார்கள். 1 என்றால் முழு உடன்பாடு. 0 என்றால் நாணயம் சுண்டியதற்குச் சமம். பி.ரி.எஸ்.டிக்கு 0.67 கிடைத்தது. மனச்சிதைவுக்கு 0.46. மனச்சோர்வுக்கு 0.28. பொதுவான பதகளிப்பு நோய்க்கு 0.20. கிளினிக்குகளில் மிகச் சாதாரணமாகச் சொல்லப்படும் இரண்டு பெயர்கள் அடியில் கிடந்தன.

பி.ரி.எஸ்.டிதான் நல்ல புள்ளி வாங்கியிருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். இரண்டு பேர் ஒரே பெயரைச் சொல்வது ஒன்று. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரே நோய் இருப்பது இன்னொன்று. எங்கள் ஊரில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் எத்தனையோ விடயங்களில் சண்டை பிடிக்கும். வெள்ளிக்கிழமை இராகு காலம் எப்போது என்பதில் இரண்டும் ஒற்றுமை. அந்த ஒற்றுமையை வைத்து அந்த நேரத்தில் தொடங்கிய காரியம் கெடும் என்று நிறுவ முடியாது. 2013 இல் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரை ஐந்தாம் பதிப்பின் பி.ரி.எஸ்.டி. விதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தது. எழுதியவர்களில் ஒருவர் சிட்னியைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரையன்ற். அந்த விதிகளை 6,36,120 விதமாக நிறைவுசெய்யலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஒரே பெயரோடு இரண்டு பேர் இருக்கலாம். அவர்களுக்கிடையே பொதுவான அறிகுறிகள் மிகச் சில மட்டுமே இருக்கலாம்.

அதே வருடம் ஏப்ரலில், அமெரிக்க அரசின் தேசிய உளநல நிறுவனத்துக்குத் தலைவராக இருந்த தோமஸ் இன்செல் பகிரங்கமாக எழுதினார்: இந்தக் கைந்நூலின் பலவீனம் அதன் பெயர்கள் உண்மையான நோய்களைக் குறிக்கின்றன என்பதற்கு ஆதாரம் போதாமை, அவை அறிகுறிக் கூட்டங்கள்பற்றிய உடன்பாடுகள்தாம். இதைச் சொன்னவர் வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்லர், உள்ளே முதல் வரிசையில் இருந்தவர்.

மெல்பேர்ணும் சிட்னியும் ஏர்வாடியும்

இந்த இடத்தில் சிலர், அப்படியென்றால் எல்லாம் புரட்டு, குளிசையைத் தூக்கி எறியலாம் என்று முடிவுக்கு வருவார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. காரணம் எங்கள் நகரத்திலேயே இருக்கிறது.

ஜோன் கேட் மெல்பேர்ண் உளமருத்துவர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்டு, சாங்கி முகாமில் மூன்று வருடங்களுக்கு மேல் போர்க் கைதியாக இருந்தவர். திரும்பிவந்து பண்டூராவில் போர்வீரர்களுக்கான மனநல ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். கட்டுக்கடங்காத எழுச்சி நிலைக்கு உடம்பில் ஊறும் ஏதோ நஞ்சு காரணம் என்று நினைத்து, நோயாளரின் சிறுநீரைக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றிப் பார்த்தார். யூரிக் அமிலத்தைக் கரைப்பதற்காகத்தான் லிதியம் உப்பைச் சேர்த்தார். கினிப்பன்றிகள் அமைதியாகிவிட்டன. தானே அதைக் குடித்துப் பார்த்துவிட்டு நோயாளருக்குக் கொடுத்தார். 1949 செப்டெம்பரில் அவுஸ்திரேலிய மருத்துவ இதழில் அந்தக் கட்டுரை வந்தது. அவருடைய கோட்பாடு பிழை. மருந்து சரி. இன்றும் உலகெங்கும் எத்தனையோ உயிர்களை லிதியம் காக்கிறது. அவருடைய முதல் நோயாளர் லிதியம் நஞ்சேறி 1950 இல் இறந்தார் என்பதும் இந்த வரலாற்றின் பகுதிதான். பிறகு மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக் கொடுக்கப் பழகினார்கள்.

பெயர் எவ்வளவு சரி என்று தெரியாமலே ஒரு மருந்து உதவலாம். அதைச் சோதித்து, அளந்து, பிழைத்தால் ஒப்புக்கொள்ளும் பழக்கம்தான் விஞ்ஞானம். அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு சிட்னி சாட்சி. பெனன்ற் ஹில்ஸில் செம்ஸ்ஃபோர்ட் தனியார் ஆஸ்பத்திரியில் ஹரி பெய்லி என்ற உளமருத்துவர் 1963 முதல் 1979 வரை 'ஆழ்துயில் சிகிச்சை' செய்தார். மனச்சோர்வு முதல் போதைப் பழக்கம் வரை பல பெயர்களில் வந்தவர்களை மருந்தால் நாட்கணக்கில் மயக்கி வைத்தார். அதனால் 24 பேர் இறந்ததாக 1988 முதல் 1990 வரை விசாரித்த றோயல் கமிஷன் பதிவு செய்தது.

உளமருத்துவமே எட்டாத இடத்துக்கு ஏர்வாடி சாட்சி. இராமநாதபுரம் மாவட்டத்தில் அந்தத் தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்திருந்தன. 2001 ஆகஸ்ட் 6 ஆம் திகதி விடியற்காலையில் அவற்றில் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களுக்கு யாரும் சரியான பெயரும் வைக்கவில்லை, பிழையான பெயரும் வைக்கவில்லை. 'பைத்தியம்' என்ற ஒரே சொல்தான் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் செய்த சொற்கள்

பி.ரி.எஸ்.டி. என்ற பெயர் தமிழுக்கு வந்த வழி இலேசானதல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அதில் முதன்மையானவர். ராஜினி திராணகம, ராஜன் ஹூல், கோ. ஸ்ரீதரன் ஆகியோரோடு சேர்ந்து 'முறிந்த பனை' எழுதியவர். பிற்காலத்தில் அடிலெய்டிலும் பணியாற்றினார். அவரும் சா. சிவயோகனும் போருக்குள் வாழ்ந்த பொதுமக்களின் மனநிலையை ஆராய்ந்து 1994 இல் பிரித்தானிய உளமருத்துவ இதழில் எழுதினார்கள். உலகம் அதுவரை பெரும்பாலும் படையினரைப் பார்த்தே பேசிய நோய் அது. சாந்திகம் போன்ற நிலையங்களில் ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள்.

அதற்குச் சொற்கள் வேண்டியிருந்தன. நெருக்கீடு, மனவடு, பதகளிப்பு, உளவளத்துணை. இன்று டண்டினொங்கில் நான் வாய் திறக்கும்போது வருபவை அந்தக் காலத்தில் அங்கே புழக்கத்துக்கு வந்த சொற்கள்தாம். அதிலும் 'மனவடு' நல்ல சொல். வடு என்றால் புண் ஆறியபின் நிற்பது. அதை வைத்துக்கொண்டு ஆள் வாழலாம். 'நோய்' என்ற சொல்லில் அந்த ஆறுதல் இல்லை.

அங்கே வந்த மக்கள் 'எனக்கு மனவடு' என்று சொல்லவில்லை. தலையிடி என்றார்கள். நெஞ்சு அடைக்குது, உடம்பெல்லாம் எரியுது என்றார்கள். பெருமூச்சு விட்டார்கள். சோமசுந்தரம் அந்தப் பெருமூச்சையே ஒரு மொழியாகக் கவனித்து எழுதினார். 2007 இல் அவர் எழுதிய கட்டுரையொன்று இன்னும் ஒரு படி போனது. போர் ஆளை மட்டும் குலைக்கவில்லை, குடும்பத்தையும் ஊரையும் குலைத்தது; ஒருவரையொருவர் நம்பாமை, மௌனம், தங்கியிருத்தல் எல்லாம் சமூகத்தின் காயங்கள்; தனியாளுக்கு வைத்த பெயர் அதற்குப் போதாது. இதைச் சொன்னவர் அந்தப் பெயரைத் தமிழருக்குக் கொண்டுவந்து பயன்படுத்தியவர் என்பதால் எனக்கு அதில் கூடுதல் மதிப்பு.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு ஆலோசகர்கள் இலங்கைக்குப் படையெடுத்தார்கள். பி.ரி.எஸ்.டி. வெள்ளம் வரப்போகிறது என்றார்கள். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010 இல் எழுதிய நூலில் ஓர் அத்தியாயம் அதைப்பற்றியது. காயத்திரி பெர்னாண்டோ என்ற உளவியலாளர் இலங்கையரின் துன்பத்தைக் கேட்டறிந்தபோது, அவர்கள் மனதுக்குள் நடப்பதைவிட உறவில் ஏற்பட்ட முறிவையே பெரிதாகச் சொன்னதை அந்த அத்தியாயம் காட்டுகிறது. தாயாக, மகனாகத் தன் கடமையைச் செய்ய முடியாமற் போனதுதான் அவர்களுக்குத் துன்பம். கேள்விக்கொத்தில் அதற்குப் பெட்டி இல்லை.

2009 இல் போர் முடிந்த கையோடு யாழ். மாவட்டத்தில் ஒரு கணக்கெடுப்பு நடந்து 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. பி.ரி.எஸ்.டி. அறிகுறிகள் 7 வீதமானோரிடம், மனச்சோர்வு 22.2 வீதமானோரிடம், பதகளிப்பு 32.6 வீதமானோரிடம் காணப்பட்டன. இந்த எண்களும் அறிகுறிப் பட்டியலில் வந்தவைதாம். ஆனாலும் போர் என்றாலே எல்லோரும் சொல்லும் அந்த நான்கெழுத்து மூன்றிலும் கடைசியில் நிற்கிறது. நடந்ததை நினைத்துத் துடித்தவர்களைவிட, இனி என்ன நடக்குமோ என்று பதகளித்தவர்கள் அதிகம்.

சிட்னித் தமிழர் சொன்னது

எங்களுக்கு மிக நெருக்கமான ஆய்வை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். தொண்ணூறுகளில் சிட்னியில் டெரிக் சிலோவ், ஸகரி ஸ்டீல் ஆகியோர் அவுஸ்திரேலியாவில் வாழும் தமிழர்களை ஆராய்ந்தார்கள். புகலிடம் கேட்டுக் காத்திருந்தவர்கள் 62 பேர், அகதியாக ஏற்கப்பட்டவர்கள் 30 பேர், சாதாரணமாகக் குடிபெயர்ந்தவர்கள் 104 பேர். மொத்தம் 196 பேர். 1998 இலும் 1999 இலும் முடிவுகள் வந்தன. பி.ரி.எஸ்.டி. அறிகுறிகள் ஆளுக்கு ஆள் கூடிக் குறைவதில் 20 வீதத்தை இலங்கையில் பட்டவை விளக்கின. 14 வீதத்தை அவுஸ்திரேலியாவுக்கு வந்தபின் பட்டவை விளக்கின.

அந்த 14 வீதத்தில் இருப்பவை: திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம், குடும்பத்தைப் பிரிந்திருத்தல், அதிகாரிகளோடு படும் பாடு, வேலையில்லாமை. இவற்றில் எதுவும் முள்ளிவாய்க்காலிலோ நாலாம் மாடியிலோ நடப்பதில்லை. இங்கே நடக்கிறது. இவ்வளவு தெளிவாகத் தமிழரை வைத்தே எழுதப்பட்ட ஆய்வு கால் நூற்றாண்டாக நூலகத்தில் இருக்கிறது.

ஆனால் பெயர் பின்னாலேயே கைகாட்டுகிறது. 'பிற்பட்ட' என்ற சொல் கேட்பவரை இலங்கைக்கு அனுப்பிவைக்கிறது: அங்கே நடந்த கொடுமையின் மிச்சம் இது, இங்கே சிகிச்சை கொடுக்கிறோம். அகதிகளிடம் கேட்கப் பயன்படும் ஹார்வார்ட் கேள்விக்கொத்து 1992 இல் இந்தோசீன அகதிகளுக்காகச் செய்யப்பட்டது. அதில் ஓர் அறிகுறி, தனக்கு எதிர்காலம் இல்லை என்று உணர்வது. ஒன்று முதல் நான்கு வரை புள்ளி போடவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீசா புதுப்பிக்கிற ஒருவரிடம் அந்தக் கேள்வியை நான் தமிழில் சொல்லவேண்டும். சேர்க்கவும் கூடாது, விடவும் கூடாது. அவர் நான்கு என்றால் அது அறிகுறியாகப் பதிவாகும். எதிர்காலம் இல்லாதது அவருக்கு உணர்வல்ல, கையில் இருக்கும் கடிதத்தில் அச்சடித்த திகதி.

2012, 2013 இல் படகில் வந்தவர்களின் வழக்குகளைத் தீர்க்க 2014 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. சுமார் 30,000 பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். 'விரைவுப் பாதை' என்று பெயர். 2023 பெப்ரவரியில், தற்காலிக வீசா பெற்றிருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. விரைவுப் பாதையில் நிராகரிக்கப்பட்டவர்கள் வெளியே நின்றார்கள். அவர்களில் தமிழர் பலர் டண்டினொங்கிலும் அயலிலும் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்ட்டில், பக்கத்து நோபிள் பார்க்கில் 23 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சிறுவனாகப் படகில் வந்து, பத்து வருடங்களுக்கு மேல் பிரிட்ஜிங் வீசாவில் இருந்தவர். ஓர் உயிர் போவதற்கு ஒரே காரணம் சொல்ல எவராலும் முடியாது. அவருடைய மனதுக்குப் பெயர் வைக்கும் உரிமையும் எனக்கில்லை. ஆனால் அவர் வளர்ந்ததே இங்கேதான். காத்திருந்ததும் இங்கேதான்.

பிரெஞ்சு மானிடவியலாளர் டிடியே பஸ்ஸாங்கும் உளமருத்துவர் ரிச்சார் ரெக்ட்மனும் 2007 இல் ஒரு நூல் எழுதினார்கள். அகதியின் வாய்ச்சொல்லை நம்புவது குறையக் குறைய, வைத்தியரின் சான்றிதழ் அந்த இடத்துக்கு ஏறிவந்ததை அவர்கள் பிரான்சில் பதிவு செய்தார்கள். மேலே சொன்ன அத்தனை சந்தேகங்களையும் சுமக்கும் ஒரு பெயர், வீசா விசாரணையில் மட்டும் இரத்தப் பரிசோதனை மாதிரி நடத்தப்படுகிறது. பெயர் கிடைத்தவர் உண்மை சொல்பவர், கிடைக்காதவர் சந்தேகத்துக்குரியவர். வதை பட்டும் நிமிர்ந்து நின்று ஒழுங்காகப் பேசுகிறவர் இதில் தோற்றுப்போகிறார்.

துக்கத்துக்கு ஒரு மணிக்கூடு

பெயர் வைக்கும் வேலை நிற்கவில்லை. 2022 மார்ச்சில் டி.எஸ்.எம்மின் திருத்திய பதிப்பில் 'நீடித்த துக்க நோய்' சேர்ந்தது. இறப்பு நடந்து 12 மாதம் கழிந்தும் துக்கம் கடுமையாகத் தொடர்ந்தால் அந்தப் பெயர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியலில் அதே நோய்க்கு 6 மாதம் போதும். அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறியதாக இருக்கவேண்டும் என்று இரண்டிலும் ஒரு நிபந்தனை உண்டு என்பதையும் சொல்லவேண்டும்.

எங்களுக்கும் ஒரு மணிக்கூடு இருந்தது. எட்டுச் செலவு, 31 ஆம் நாள் அந்தியேட்டி, வருட முடிவில் ஆட்டைத் திவசம். அது துக்கத்தை அளக்கவில்லை. ஊர் கூடிவந்து துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குபோட்டது. அந்த மணிக்கூடு ஓடுவதற்கு உடல் வேண்டும், குறைந்தது ஒரு திகதியாவது வேண்டும். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மாருக்கு இரண்டும் இல்லை. பிள்ளை இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாத துக்கத்துக்கு 12 மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? அந்தத் தாய்மாரின் சகோதரிகளும் பிள்ளைகளும் டண்டினொங்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய நித்திரையின்மைக்கு இங்கே ஒரு பெயர் கிடைக்கலாம். கேட்கப்படாத கேள்வி கொழும்பில் இருக்கும்.

வைத்தியரிடம் போகவேண்டாம் என்று நான் எவருக்கும் சொல்லமாட்டேன். நித்திரை வராமல், சாகலாம் என்ற எண்ணம் வருகிறவர் இன்றைக்கே போகவேண்டும். குளிசை எடுப்பவர் தன் எண்ணப்படி அதை நிறுத்தக்கூடாது. சித்திரவதையில் தப்பியவர்களுக்காக 1987 இல் தொடங்கிய ஃபவுண்டேஷன் ஹவுஸுக்கு டண்டினொங்கில் கிளை இருக்கிறது. அங்கே மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை. அந்தப் பெயர் ஒரு கதவைத் திறக்கிறது என்றால் அதால் போங்கள். ஓய்வூதியத்துக்காக வியட்நாம் படையினர் செய்ததும் அதுதான்.

எங்களுக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைகள் பலர் உளவியல் படிக்கிறார்கள், வைத்தியம் படிக்கிறார்கள். கரம் டவுன்ஸ் கோயிலில் கண்டால் சிலர் என்னோடு தமிழில் பேச ஆசைப்படுவார்கள். நாளைக்கு அந்த மேசைக்கு மறுபக்கத்தில் இருந்து கேள்விக்கொத்தை எடுப்பவர்கள் அவர்கள்தாம். அவர்களிடம் நான் கேட்பது ஒன்று. 'எதிர்காலம் இல்லை என்று உணர்கிறீர்களா' என்ற கேள்விக்கு நான்கு என்று பதில் வந்தால், புள்ளியைப் போடுங்கள். போட்டுவிட்டு, வீசா எப்போது முடிகிறது என்றும் கேளுங்கள். அந்தப் பதிலையும் அறிக்கையில் எழுதுங்கள்.